கிணத்துல கொட்டின மணலும் நம்ம காசும்

மக்களே, முதல்லயே ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். சின்ன எண்ணெய்க் கம்பெனிப் பங்கு வாங்குறது பாவம்னு சொல்ல நான் வரலை. அந்தக் கம்பெனி கிணத்தை எந்த முறையில 'கம்ப்ளீட்' பண்ணுதுன்னு பார்த்து மயங்கிப் பங்கு வாங்குறது முட்டாள்தனம்னு சொல்லத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி கம்மியா இருக்கிற நாளாப் பார்த்துப் படிங்க.

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களோட வாட்ஸ்அப் குழுக்கள்ல இப்ப ஒரு எண்ணெய்ச் சாமியாராவது கண்ணுல படுறார். தினமும் காலையில அருள்வாக்கு வரும். "இவங்க ஒரு கிணத்துக்கு 55 ஸ்டேஜ் பண்றாங்க பாஸ், பக்கத்துக் கம்பெனி வெறும் 40." "ஒரு அடிக்கு 2,500 பவுண்டு மணல் போடுறாங்க." "புது தலைமுறை கம்ப்ளீஷன், முதல் நாளே 2,000 பேரல்!" கேட்கிறவங்களுக்குப் புல்லரிக்குது. நாமதான் எஞ்சினியருங்களாச்சே. ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தா போதும், நமக்கு மூளை நின்னு கை தானா பர்ஸை எடுத்துடும். செல்போன் வாங்கும்போது ராம் எவ்வளவுன்னு கேட்கிற அதே புத்தியோட கம்பெனி வாங்கக் கிளம்பிடறோம்.

நான் பெட்ரோலியம் படிச்சவன் இல்லை. மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவாவோட குடித்தனம் பண்றவன். ஆனா இந்தக் கதையைப் புரிஞ்சுக்க அது தாராளமா போதும்.

கம்ப்ளீஷன்னா என்னதான் பண்றாங்க?

எண்ணெய்க் கிணறுன்னா துளை போட்டதும் பீச்சியடிக்கும்னு சினிமாவுல பார்த்திருப்போம். ஷேல் பாறையில அது நடக்காது. வட டகோட்டாவின் பாக்கன் பாறையை எடுத்துக்கோங்க. சுமார் 10,000 அடி கீழே போய், அங்கிருந்து துளையைப் படுக்கையா திருப்பி இன்னொரு 10,000 அடி, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மைல், பாறைக்குள்ளயே ஓட்டுறாங்க. இவ்வளவும் பண்ணி முடிச்சாலும் எண்ணெய் வராது. பாறை அவ்வளவு இறுக்கம். இதுக்கு அப்புறம் நடக்கிறதுதான் கம்ப்ளீஷன். ஒரு கிணத்துக்கு ஆகுற மொத்தச் செலவுல பொதுவா பாதிக்கும் மேல இதுக்குத்தான் போகுது.

படுக்கைத் துளையைச் சின்னச் சின்ன பாகமா பிரிச்சு, ஒவ்வொரு பாகத்துலயும் தண்ணியையும் மணலையும் அசுர அழுத்தத்துல அடிச்சுப் பாறையை வெடிக்க வைக்கணும். அந்த பாகத்துக்குப் பேர்தான் ஸ்டேஜ். தண்ணியில ஒரு பகுதி திரும்பி வந்துடும், மணல் விரிசல்லயே தங்கி அது மூடிக்காம முட்டுக் கொடுக்கும். எண்ணெய் அந்த வழியா வரும். ஆகக்கூடி விஷயம் இதுதான்.

பாகம் பிரிக்க ரெண்டு முக்கிய வழி. ஒண்ணு ஸ்லைடிங் ஸ்லீவ். குழாய்லயே நகரும் கதவுகளை முன்கூட்டியே வச்சு இறக்கிடுவாங்க. மேலேயிருந்து ஒரு பந்தைப் போட்டா, அது அதுக்கேத்த அளவுள்ள கதவுல போய் உட்கார்ந்து அதைத் திறக்கும். சின்னப் பந்துல ஆரம்பிச்சு பெரிய பந்து வரைக்கும் வரிசையா போட்டுக்கிட்டே வரணும். வேலை மளமளன்னு முடியும். ஆனா பந்து அளவு எத்தனை இருக்கோ அத்தனை ஸ்டேஜ்தான், எங்கே விரிசல் ஆரம்பிக்கும்ங்கிறதும் நம்ம கையில இல்லை.

இன்னொண்ணு ப்ளக் அண்ட் பெர்ஃப். குழாயைச் சுத்தி சிமெண்ட் போட்டு, கம்பியில ஒரு வெடித் துப்பாக்கியை இறக்கி, குழாய்ல கொத்துக் கொத்தா ஓட்டை போட்டு, அந்த இடத்துல ஃப்ராக் பண்ணுவாங்க. ஒரு அடைப்பானை வச்சு மூடிட்டு அடுத்த பாகத்துக்குப் போவாங்க. எல்லாம் முடிஞ்சதும் அடைப்பான்களைக் குடைஞ்சு எடுக்கணும். நேரமும் காசும் அதிகம், ஆனா இடத்தைத் துல்லியமா தேர்ந்தெடுக்கலாம், ஸ்டேஜுக்கு உச்சவரம்பு இல்லை. பாக்கன்ல ஆரம்ப வருஷங்கள்ல இந்த ரெண்டு கோஷ்டிக்கும் நடந்த சண்டை நம்ம விண்டோஸ் - லினக்ஸ் சண்டைக்குக் குறைஞ்சதில்லை. கடைசியில பெரும்பாலான இடங்கள்ல ப்ளக் அண்ட் பெர்ஃப் ஜெயிச்சுது.

சுவாரசியமான எஞ்சினியரிங், ஒத்துக்கிறேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். ஆனா இதுல பங்குதாரருக்கு என்ன இருக்குன்னு கேட்டா, அங்கேதான் சாமியார் வேட்டி அவிழுது.

கட்டுக்கதை 1: "இது அவங்க தொழில்நுட்பம்"

இல்லீங்க. அது அவங்க தொழில்நுட்பமே இல்லை. சின்ன எண்ணெய்க் கம்பெனிகிட்ட நிலக் குத்தகை இருக்கும், கடன் இருக்கும், ஒரு பவர்பாயிண்ட் இருக்கும். பம்ப், வெடி, அடைப்பான், மணல், அதை இயக்குற ஆளு எல்லாம் வாடகை. ஹாலிபர்ட்டனும் அது மாதிரி சர்வீஸ் கம்பெனிகளும் காசு கொடுக்கிற யாருக்கும் அதே வேலையைச் செய்வாங்க. இன்னைக்கு உங்க கம்பெனிக்கு 55 ஸ்டேஜ் போட்ட அதே குழு, அடுத்த மாசம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற போட்டியாளருக்கும் போடும். "நாங்க ஸ்ப்ரிங் ஃப்ரேம்வொர்க் பயன்படுத்துறோம், அதனால எங்க பங்கை வாங்குங்க"ன்னு ஒரு மென்பொருள் கம்பெனி சொன்னா நாம என்ன பண்ணுவோம்? விழுந்து விழுந்து சிரிப்போம். எண்ணெய்க் கம்பெனி சொன்னா மட்டும் ஏன் பர்ஸைத் திறக்கிறோம்?

கருவியைக் கண்டுபிடிச்சு விற்கிறவங்களுக்கே அதைப் பூட்டி வச்சுக்க முடியலை. திறந்த துளையில பேக்கரும் பந்தும் வச்சு ஃப்ராக் பண்ற முறைக்கு கனடாவின் பேக்கர்ஸ் ப்ளஸ் கம்பெனி காப்புரிமை வச்சிருந்தது. போட்டியாளர்களோட நடந்த வழக்குல 2017-ல கனடா ஃபெடரல் கோர்ட் அந்தக் காப்புரிமை செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. விற்கிறவனுக்கே அந்த நிலைமைன்னா, வாடகைக்கு எடுக்கிறவனுக்கு என்ன பாதுகாப்பு?

இன்னும் பின்னாடி போனா, மொத்த ஷேல் கதையும் ஆரம்பிச்ச இடம் டெக்சாஸ்ல பார்னெட். 1990-களின் கடைசியில மிட்செல் எனர்ஜியில கெட்டியான ஜெல்லைக் குறைச்சு, வெறும் தண்ணியை அதிகமா வச்சு ஃப்ராக் பண்ணிப் பார்த்தாங்க. மலிவாவும் ஆச்சு, வேலையும் செஞ்சுது. தண்ணிக்கு யாரால காப்புரிமை வாங்க முடியும்? சில வருஷத்துல ஊரே காப்பியடிச்சுது. 2002-ல டெவன் கம்பெனி 300 கோடி டாலருக்கு மேல கொடுத்து மிட்செல்லை வாங்கினப்போ, அந்த விலை தண்ணி யோசனைக்கு மட்டுமானது இல்லை. மத்தவங்க சீண்டாத காலத்துல இருந்தே மிட்செல் அங்கே பிடிச்சு வச்சிருந்த நிலத்துக்கும் சேர்த்துத்தான்.

கட்டுக்கதை 2: "முதல் நாளே 2,000 பேரல்"

பத்திரிகை அறிக்கையில வர்ற இந்த எண்ணுக்கு 24 மணி நேர ஐ.பி.ன்னு பேரு. ஆரம்ப உற்பத்தி. பெரும்பாலும் அது முதல் நாள் கூட இல்லை. கிணறு நல்லா சுத்தமாகி ஓட ஆரம்பிச்ச அப்புறம், இருக்கிறதிலேயே சிறந்த ஒரு 24 மணி நேரத்தை எடுத்துப் போடலாம். கிணத்து வாய்ல சோக் வால்வுன்னு ஒண்ணு இருக்கு (நம்ம சோகம் இல்லீங்க, அது பின்னாடி வரும்). அதை அகலமா திறந்தா எண்ணிக்கை கூடும், இறுக்கினா குறையும். திறந்துவிட்டு அறிக்கை விட்டுட்டு, மறுநாள் இறுக்கிக்கலாம். அகலமா திறந்தா சில பாறைகள்ல மணல் நசுங்கி, விரிசல் மூடி, நீண்ட கால உற்பத்தியே அடிவாங்கும். அதாவது நம்மளை மயக்குற எண்ணே கிணத்துக்குக் கெடுதலா இருக்கலாம்.

க்ளையண்ட் டெமோ அன்னைக்கு ஒரே ஒரு யூசரை வச்சு ரெஸ்பான்ஸ் டைம் காட்டியிருக்கோமே, அதுதான் இது. நம்ம கையால செஞ்ச வேலையை அடுத்தவன் செய்யும்போது அடையாளம் தெரியாம போறதுதான் கொடுமை.

ஷேல் கிணறு ஒரு வருஷத்துக்குள்ள ஆரம்ப உற்பத்தியில மூணுல ரெண்டு பங்கு அளவுக்கு விழுறது சாதாரணம். அதனால முக்கியமான கேள்வி ஒரு வருஷத்துல மொத்தம் எத்தனை பேரல் வந்துது, அதுக்கு எவ்வளவு செலவாச்சு. அதை அறிக்கையோட தலைப்புல போடுறவங்களை எண்ண ஒரு கை விரலே அதிகம்.

இதுல இன்னொரு உள்குத்து இருக்கு. "பேரல்"னு நாம படிக்கிறது பல சமயம் "பேரலுக்குச் சமம்"னு இருக்கும். 6,000 கன அடி எரிவாயுவை ஒரு பேரல் எண்ணெயா கணக்கு வச்சுக்குவாங்க. வெப்ப அளவுல அது சரி. விலையில? ஆயிரம் கன அடி வாயு 3 டாலர்னு வச்சுக்கோங்க, 6,000-க்கு 18 டாலர் வரும். எண்ணெய் 70 டாலர்னா, அந்த "பேரலுக்குச் சமம்" நிஜத்துல கால் பேரல். மேற்கு டெக்சாஸ்ல வாஹா சந்தையில 2024-ல பல நாள் வாயு விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போச்சு. எடுத்துக்கிட்டுப் போறவனுக்கு நீ காசு கொடுக்கணும். அப்பவும் அறிக்கையில அது கம்பீரமா "பேரலுக்குச் சமம்"தான்.

பெரிய கம்பெனிகளே இந்த விஷயத்துல சுத்தம் இல்லை. 2019 ஜனவரியில வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 29 கம்பெனிகளின் சுமார் 16,000 கிணறுகளை எடுத்து அலசிச்சு. கம்பெனிகள் முதலீட்டாளர்கிட்ட சொன்ன கணிப்பை விட கிட்டத்தட்ட 10% குறைவாத்தான் மொத்தத்துல கிடைக்கும்போல இருக்குன்னு எழுதினாங்க. கடன் வாங்கிச் செலவு பண்ற ஒரு தொழில்ல 10% குறைஞ்சா, குறையுறது பூராவும் பங்குதாரர் பங்குலதான்.

கட்டுக்கதை 3: "மணல் கூடினா லாபம் கூடும்"

10,000 அடிக்கு, அடிக்கு 2,000 பவுண்டுன்னு கணக்குப் போட்டா ஒரே கிணத்துக்கு சுமார் 9,000 டன் மணல். லாரியில ஏத்தினா நானூறு லோடு. கூடவே ஒரு கோடி கேலனுக்கு மேல தண்ணி. இதை இன்னும் கூட்டினா எண்ணெயும் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் எண்ணெய் கூடுதல் செலவைத் தாண்டுதா? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு நம்ம பாட்டிங்க சொன்னதைத்தான் இங்கே கேட்கணும்.

அதோட, நெருக்கமா கிணறு போட்டா ஒண்ணோட எண்ணெயை இன்னொண்ணு உறிஞ்சும். கோஞ்சோ ரிசோர்சஸ் டெலவேர் பகுதியில 'டாமினேட்டர்'னு பேர் வச்சு (பேரைப் பாருங்க!) 23 கிணறுகளை நெருக்கி நெருக்கிப் போட்டுச்சு. தொழில்நுட்பத்துல குறையே சொல்ல முடியாது. ஆனா இடைவெளி பத்தலை. 2019 ஆகஸ்ட்ல அது வெளியே வந்ததுமே பங்கு 20%-க்கு மேல விழுந்துச்சு. கோஞ்சோ பெரிய கம்பெனி, தாங்கிக்கிட்டு நின்னுச்சு. மொத்தமே இருபது கிணறு வச்சிருக்கிற கம்பெனி என்ன ஆகியிருக்கும்?

சரி, அப்ப பிரிகாம்?

இதை எழுதினா முதல் பின்னூட்டமே "பிரிகாம் தெரியுமா உனக்கு?"ன்னுதான் வரும்னு எனக்குத் தெரியும். தெரியும் சாமி. சாமியார்களின் ஸ்தல புராணமே அதுதானே!

பிரிகாம் எக்ஸ்ப்ளொரேஷன், ஆஸ்டினைச் சேர்ந்த சின்னக் கம்பெனி. பாக்கன்ல முதல்ல 20 ஸ்டேஜ், அப்புறம் 30-க்கு மேலன்னு போட்டு, ஒவ்வொரு கிணத்தோட 24 மணி நேர எண்ணையும் அறிக்கையா விட்டு அசத்தினாங்க. 2009-ல 3 டாலருக்கும் கீழே வித்த பங்கை, 2011-ல நார்வேயின் ஸ்டாட்ஆயில் 36.50 டாலர் கொடுத்து வாங்கிச்சு. மொத்தம் 440 கோடி டாலர். பத்து மடங்குக்கு மேல! யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனா கதையை 2011-ல நிறுத்திட்டு எழுந்து போயிடறாங்க நம்ம சாமியாருங்க. இடைவேளையோட படம் முடிஞ்சிடுச்சுன்னு சொல்ற மாதிரி. மிச்சப் படம் இது. அந்த நிலத்தை வச்சுக்கிட்டு மேற்கொண்டும் பணத்தைக் கொட்டின ஸ்டாட்ஆயில் (இப்ப பேர் ஈக்வினார்), 2021-ல அந்தப் பாக்கன் சொத்தைச் சுமார் 90 கோடி டாலருக்கு வித்துட்டுக் கிளம்பிச்சு. 2011-ஐ விட 2021-ல கம்ப்ளீஷன் முறைகள் எவ்வளவோ முன்னேறியிருந்தது. பாறையும் அதே பாறைதான். 440 எப்படி 90 ஆச்சு?

இன்னும் முடியலை. வாங்கினவங்க கிரேசன் மில்னு தனியார் முதலீட்டுப் பணத்துல நடந்த ஒரு எண்ணெய்க் கம்பெனி. 2023-ல ஓவின்டிவ்கிட்ட இருந்தும் சுமார் 82 கோடிக்குப் பாக்கன் நிலம் வாங்கிச் சேர்த்தாங்க. 2024-ல எல்லாத்தையும் டெவன்கிட்ட 500 கோடி டாலருக்கு வித்தாங்க. அவங்க கையில ரகசிய பந்தோ, மந்திர மணலோ இல்லை. மத்தவன் வெறுத்துப்போய் விற்கும்போது மலிவா வாங்கினாங்க, விலை ஏறினப்போ வித்தாங்க. லாபம் வந்தது வாங்கின விலையில. கம்ப்ளீஷன் முறையில இல்லை. பிரிகாம் கதையும் அதேதான். ஊர் கூடுறதுக்கு முன்னாடி பிடிச்ச நிலம், கடைசியில கிட்டத்தட்ட 3,75,000 ஏக்கர், அதோட பேரலுக்கு நல்ல விலை இருந்த நேரத்துல வந்த ஒரு பெரிய வாங்குற ஆளு.

இதையெல்லாம் விட முக்கியமான ஒண்ணு. அந்த பட் பிரிகாம் அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? எண்ணெய் எடுக்கிற கம்பெனி இன்னொண்ணும் நடத்தி வித்தார்தான். கூடவே பிரிகாம் மினரல்ஸ்னு நில உரிமைக் கம்பெனி. கிணத்துச் செலவுல ஒரு பைசா போடாம, வர்ற எண்ணெய்ல பங்கு மட்டும் வாங்கிக்கிற தொழில். அடுத்து 2017-ல அட்லஸ்னு மணல் கம்பெனி. பெர்மியன்ல ஃப்ராக் பண்றவங்களுக்கு மணல் விற்கிறது. அது 2023-ல பங்குச் சந்தைக்கும் வந்துச்சு.

ஸ்டேஜ் எண்ணிக்கையை ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனுஷன், அடுத்த ஆட்டத்துல ஸ்டேஜ் போடுறவனுக்கு மணல் விற்கவும், அவன் எடுக்கிற எண்ணெய்ல உரிமைப் பங்கு வாங்கவும் போய் உட்கார்ந்திருக்கார். அதை விட தெளிவா யார் சொல்லிக்கொடுக்கணும்? (மணல் வியாபாரமும் எல்லாருக்கும் சொர்க்கம் இல்லை. ஹை-க்ரஷ், கோவியா ரெண்டும் 2020-ல திவால் மனு போட்டவைதான்.)

தோத்தவங்க பட்டியலை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்லை

அமெரிக்கன் ஈகிள் எனர்ஜின்னு டென்வர்ல ஒரு கம்பெனி. அதே பாக்கன், அதே காலம், அதே முறைகள். 2014 ஆகஸ்ட்ல 17.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வித்தாங்க. 2015 மார்ச்ல முதல் வட்டித் தவணை வந்துச்சு. அந்த முதல் தவணையையே கட்டலை. மே மாசம் திவால் மனு. ஒரே ஒரு வட்டி கூட கட்டாம! கிணறு ஓடிக்கிட்டுத்தான் இருந்தது, எண்ணெய் விலைதான் பாதியாயிடுச்சு.

விட்டிங் பெட்ரோலியம் கொஞ்சம் பெரிய கை. 2014-ல, எண்ணெய் 100 டாலருக்கு மேல இருந்த கோடையில, கோடியாக்னு இன்னொரு பாக்கன் கம்பெனியைக் கடனோட சேர்த்து 600 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சாங்க. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி திவால் மனு. (தேதியைப் பாருங்க!) மனு போடுறதுக்குச் சில நாள் முன்னாடி உயர் அதிகாரிகளுக்கு 1.46 கோடி டாலர் போனஸ். எரியுற வீட்டுல பிடுங்கின வரைக்கும் லாபம். பழைய பங்குதாரர்களுக்குப் புதுக் கம்பெனியில மொத்தமா 3% பங்கும், சில வாரண்ட்டுகளும். பாக்கி 97% கடன் கொடுத்தவங்களுக்கு.

மொத்தக் கணக்கையும் பார்த்துடலாம். 2008-ல நாளைக்குச் சுமார் 50 லட்சம் பேரலா இருந்த அமெரிக்காவின் கச்சா எண்ணெய் உற்பத்தி, 2019-ல 1.2 கோடியைத் தாண்டிச்சு. எஞ்சினியரிங் வெற்றின்னா இதுதான். அதே காலத்துல முதலீடு? 2020-ல டெலாய்ட் வெளியிட்ட ஆய்வுப்படி, 2010-ல இருந்து அமெரிக்க ஷேல் தொழில் 30,000 கோடி டாலர் ரொக்கத்தை விழுங்கிடுச்சு, 45,000 கோடிக்கு மேல மதிப்பை எழுதித் தள்ளிச்சு, 190-க்கு மேல திவால். கருவி ஜெயிச்சுது, கார் வச்சிருக்கிறவன் ஜெயிச்சான், நிலத்துக்காரன் ஜெயிச்சான். பங்குதாரன் மணலோட மணலா கிணத்துக்குள்ள.

கொஞ்ச வருஷமா நிலைமை மாறியிருக்கு, அதையும் சொல்லணும். தப்பிப் பிழைச்ச கம்பெனிகள் கடனைக் குறைச்சு டிவிடெண்ட் கொடுக்க ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா பாருங்க, இப்போதைய கம்ப்ளீஷன் முறை சின்னவனுக்குச் சாதகமாவே இல்லை. ரெண்டு கிணறை ஒரே நேரத்துல ஃப்ராக் பண்ற முறையில காசு மிச்சம் பண்ணணும்னா ஒரே இடத்துல நிறைய கிணறு வேணும், தண்ணிக்குச் சொந்தக் குழாய் வேணும், வருஷம் முழுக்க வேலை கொடுக்கிற அளவு நிலம் வேணும். எக்சான் பயனியரை விழுங்கினதும், டைமண்ட்பேக் எண்டெவரை விழுங்கினதும் 2024-ல நடந்தது. இது பெரியவங்க ஆட்டமா மாறிட்டு வருது. அதே முறையைக் காட்டி "சின்னக் கம்பெனி வாங்கு"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

எதுக்கு இவ்வளவு கொதிக்கிறே?

எனக்குத் தெரிஞ்ச ஒரு சீனியர் இருக்கார். பேர் வேணாம், ஊரும் வேணாம். எச்-1பி விசா, மனைவிக்கு வேலை அனுமதி இல்லை, ரெண்டு பசங்க. வீட்டு முன்பணத்துக்குன்னு ஆறு வருஷமா சேர்த்த 40,000 டாலரை ஒரு குட்டிக் கம்பெனியில போடலாமான்னு கேட்டார். காரணம் கேட்டேன். "அவங்க கம்ப்ளீஷன் டிசைன் வேற லெவல் தம்பி"ன்னார். "அண்ணே, அவங்க கடன் எந்த வருஷம் திருப்பிக் கட்டணும்?"னு கேட்டேன். தெரியலை. "அஞ்சு வருஷத்துல பங்கு எண்ணிக்கை எத்தனை மடங்கு ஆகியிருக்கு?" தெரியலை. "மேனேஜ்மெண்ட் கையில எவ்வளவு பங்கு?" தெரியலை. ஸ்டேஜ் இடைவெளி எத்தனை அடின்னு மட்டும் மனப்பாடமா சொன்னார்.

நம்ம நிலைமை என்ன மக்களே? வேலை போனா கையில 60 நாள். அதுக்குள்ள வேற வேலை கிடைக்கலைன்னா பசங்க பள்ளிக்கூடத்தை நிறுத்தி மூட்டை கட்டணும். எண்ணெய் விலை விழுற நேரமும் ஆட்குறைப்பு நடக்கிற நேரமும் பல சமயம் ஒண்ணா வரும். 2020 நினைவிருக்குல்ல? ஏப்ரல் 20 அன்னைக்கு எண்ணெய் வாயிதா விலை மைனஸ் 37 டாலர். அந்த மாசம் பணம் தேவைப்பட்டு அந்தப் பங்கை விற்கப்போனவனுக்கு 55 ஸ்டேஜ் என்ன கொடுத்திருக்கும்? இதைத் தாங்கக்கூடியவன் கையில இருக்கிற பணம் வேற, நம்ம கையில இருக்கிற பணம் வேற. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு கிணறு தோண்டுறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

வாங்கியே தீருவேன்னா

அடம் பிடிக்கிறவங்களுக்காக, ஸ்டேஜ் எண்ணிக்கைக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை:

1. மொத்த உற்பத்தியைப் பார்க்காதீங்க. உற்பத்தியைப் பங்கு எண்ணிக்கையால வகுத்து அஞ்சு வருஷத்துக்குப் பாருங்க. உற்பத்தி ரெண்டு மடங்கு, பங்கு மூணு மடங்குன்னா உங்களுக்குக் கிடைச்சது நாமம்.

2. கடன் எவ்வளவுங்கிறதை விட எப்போ கட்டணும்ங்கிறது முக்கியம். ரெண்டு வருஷத்துக்குள்ள பெரிய தவணை இருந்தா, அது எண்ணெய்ப் பங்கு இல்லை, லாட்டரிச் சீட்டு.

3. 24 மணி நேர எண்ணைக் கண்ணால கூட பார்க்காதீங்க. ஆறு மாசம், ஒரு வருஷ மொத்தம் தேடுங்க. வட டகோட்டா அரசு கிணறு வாரியா மாச உற்பத்தியை வெளியிடுது. புதுக் கிணறுகளை ஆறு மாசம் வரை ரகசியமா வச்சுக்க அனுமதி உண்டுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. டெக்சாஸ்ல எண்ணெய்க்கு குத்தகை வாரியாத்தான் கணக்கு, ஒரு குத்தகையில பல கிணறு இருந்தா பிரிச்சுப் பார்க்க முடியாது. அங்கே கம்பெனி சொல்ற தனிக் கிணத்துக் கதையைச் சரிபார்க்கிறது ரொம்பக் கஷ்டம்.

4. எண்ணெய் எவ்வளவு, வாயு எவ்வளவு, தனித்தனியா.

5. கையிருப்புல எவ்வளவு பங்கு இன்னும் தோண்டாத கிணறு? அதை அஞ்சு வருஷத்துல தோண்ட அவங்ககிட்ட காசு இருக்கா?

6. தலைவர் சம்பளம். பங்கு விலை பாதியான வருஷத்துலயும் அவர் போனஸ் கூடியிருந்தா, ஜன்னலை மூடிட்டு வெளிய வந்துடுங்க.

இந்த ஆறுக்கும் பதில் தேட ஒரு சனிக்கிழமை போதும். பெரும்பாலானவை ஆண்டறிக்கையிலயும் மத்த பொது ஆவணங்கள்லயும் இலவசமா கிடைக்குது. ஒரு சனிக்கிழமை செலவழிக்க மனசில்லாதவன் ஆறு வருஷச் சேமிப்பைச் செலவழிக்க எப்படித் துணியறான்னு எனக்கு இன்னும் விளங்கலை.

சாமியார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க கம்ப்ளீஷன் பத்தி எழுதுங்க, நானே முதல் ஆளா படிக்கிறேன். நிஜமாவே அழகான எஞ்சினியரிங் அது. ஆனா அடுத்த தடவை ஒரு கம்பெனியைச் சிபாரிசு பண்ணும்போது ஸ்டேஜ் எண்ணிக்கையோட பக்கத்துலயே அவங்க கடன் தவணை தேதியையும் எழுதுங்க. எழுத முடியலைன்னா, அடுத்தவன் பிள்ளைங்க படிப்புக் காசைக் கிணத்துல தள்ளிவிடாதீங்க. கும்மியடிக்க வர்றவங்களும் அந்தத் தேதியோட வாங்க, பின்னூட்டத்துல பேசுவோம்.

டிஸ்கி: நான் நிதி ஆலோசகன் இல்லை. மேலே பேர் சொன்ன எந்தக் கம்பெனிப் பங்கும் என்கிட்ட இல்லை, வாங்குற உத்தேசமும் இல்லை. சீனியர் அண்ணன் இன்னும் முடிவு எடுக்கலை. இந்தப் பதிவு அவர் கண்ணுல படணும்னு ஒரு சின்ன உள்நோக்கமும் உண்டு :-)